வீட்டுப் பதிவில் ஒலித்தரம்: கேள்வி பதில்

கேள்வி (வாய்ப்பாட்டுக் கலைஞர்): 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட்டில் பதிவு செய்து வருகிறேன். 192 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் வசதியுள்ள ஆடியோ இன்டர்ஃபேஸ் (மைக்கைக் கணினியோடு இணைக்கும் கருவி) வாங்கினால் குரல் தெளிவாகுமா?

பதில்: ஆகாது. மனிதக் காதுக்கு எட்டுவது 20 கிலோஹெர்ட்ஸ் வரைதான். 1982இல் குறுந்தகடு கொண்டுவந்த 44.1 கிலோஹெர்ட்ஸ் முறை, அதாவது ஒலியை நொடிக்கு 44,100 முறை அளப்பது, அதில் பாதியான 22 கிலோஹெர்ட்ஸ் வரையிலான ஒலியைப் பிடித்துவிடும். 16 பிட் தரும் வீச்சு, அதாவது மிக மெல்லிய ஒலிக்கும் மிக உரத்த ஒலிக்கும் இடையிலான இடைவெளி, ஏறத்தாழ 96 டெசிபல். அமைதியான வீட்டறையிலேயே 30 டெசிபல் அளவுக்கு இரைச்சல் இருந்துகொண்டிருப்பதால், அந்த வீச்சையே நம்மால் முழுதாகப் பயன்படுத்த முடிவதில்லை. ஆயினும் 24 பிட்டுக்கு மாறுங்கள். அதில் கருவி பதியக்கூடிய உச்ச எல்லைக்கு 12 டெசிபல் கீழே நிறுத்திப் பதியலாம். தாரஸ்தாயியில் குரல் திடீரென எழுந்தாலும் எல்லையில் மோதிச் சிதையாது. அப்படிச் சிதைந்த ஒலியை முழுமையாக மீட்க வழியில்லை.

கேள்வி (திரையிசை பாடும் மாணவி): நல்ல கன்டென்சர் மைக் வாங்கியும் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் ஒலிக்கிறது, ஐயா. மைக்கில் குறையா?

பதில்: அறையில்தான் குறை இருக்கும், அம்மா. நம் வீடுகளில் தரை டைல்ஸ், கூரை கான்கிரீட், சுவரோ வெறும் சுவர். குரல் இவை அனைத்திலும் பட்டுத் திரும்பி, சில மில்லிநொடி தாமதத்தில் மைக்கை வந்தடைகிறது. கன்டென்சர் மைக் நுணுக்கமானது என்பதால் அந்த எதிரொலியையும் அப்படியே பதிந்து வைக்கிறது. அறை நடுவே நின்று ஒருமுறை கைதட்டுங்கள். தட்டலுக்குப் பின் ஒரு கணகணப்பு நீடித்தால் அதுதான் உங்கள் பதிவிலும் கேட்கிறது.

முதலில் தூரத்தைக் குறையுங்கள். வாய்க்கும் மைக்குக்கும் இடையிலான தூரம் பாதியாகும்போது நேரடிக் குரல் ஏறத்தாழ 6 டெசிபல் கூடும். எதிரொலியோ பெரிதாக மாறாது. ஆகவே 60 செ.மீ. தூரத்தில் நின்றவர் 15 செ.மீ.க்கு வந்தாலே 12 டெசிபல் ஆதாயம், அதுவும் செலவே இல்லாமல். இன்னும் நெருங்கினால் கீழ்ஸ்வரங்கள் ஊதிப் பெருகும், ‘ப’கர ஒலிகள் வெடிக்கும். ஆகவே பாப் ஃபில்டர் (மூச்சுக்காற்றைத் தடுக்கும் வலைத்திரை) வைத்து, வாயைச் சற்றே பக்கவாட்டில் திருப்பிப் பாடுங்கள்.

அடுத்து, கனமான ரஜாய் (பஞ்சு அடைத்த போர்வை) ஒன்றை உங்கள் முதுகுக்குப் பின்னால் தொங்கவிடுங்கள். முன்பக்க ஒலியையே அதிகம் பிடிக்கும் ஒருதிசை மைக் உங்களைப் பார்த்து நிற்பதால், அதற்கு நன்றாகக் கேட்பது உங்களுக்குப் பின்னாலுள்ள சுவர்தான். பலரும் மைக்குக்குப் பின்னால் மட்டும் ஃபோம் ஒட்டிவிட்டு ஏமாந்துபோகிறார்கள். இரண்டரை செ.மீ. ஃபோம் மேல் அலைவரிசைகளை மட்டுமே உறிஞ்சும். முட்டை அட்டையால் பயனே இல்லை. எதிரெதிர்ச் சுவர்கள் மூன்று மீட்டர் இடைவெளியில் இருந்தால் 57 ஹெர்ட்ஸ் அருகே எழும் தாழ்ந்த முழக்கத்தை ஃபோம் தொடக்கூட முடியாது.

கேள்வி: தங்கமுலாம் பூசிய கேபிள் அவசியமா?

பதில்: அவசியமில்லை. உறுதியான எக்ஸ்எல்ஆர் கேபிள் (மைக்குக்கு வழக்கமாகப் பயன்படும் மூன்று முனைக் கேபிள்) போதும்.

கேள்வி (வீணை பயில்பவர்): மைக்கை எங்கே வைப்பது?

பதில்: குடத்துக்கு முன்னால் ஒன்றேகால் அடி தள்ளி வைத்துத் தொடங்குங்கள். அதே பகுதியை வாசித்துக்கொண்டே, மைக்கை மெட்டுகளின் பக்கம் ஒரு சாண் நகர்த்தச் சொல்லி ஹெட்போனில் கேளுங்கள். மீட்டும் விரலை ஒட்டி வைத்தால் நகம் தந்தியில் படும் ‘டிக்’ ஓசை முந்திக்கொள்ளும். விலகிப்போனால் கமகத்தின் இழுப்பு மங்கும். நாதமும் இழுப்பும் சேர்ந்து கேட்கும் இடம் ஒவ்வொரு வீணைக்கும் வேறு. பதிவுக்கு முன் பழைய தந்திகளை மாற்றிவிடுங்கள்; மைக் மாற்றுவதைவிட அதில் வித்தியாசம் நன்றாகத் தெரியும்.

கேள்வி: மின்விசிறி இரைச்சலை மென்பொருளால் நீக்கிவிடலாமே?

பதில்: ஓரளவுக்கே. அழுத்தமாக நீக்கினால் சொற்களின் கடைசி மூச்சும் தேய்ந்து அடங்கும் கார்வையும் சேர்ந்து போய்விடும். பாடும் ஐந்து நிமிடம் விசிறியை நிறுத்திவிடுவதே நல்லது.

கேள்வி: சுருதிப்பெட்டியைப் பக்கத்தில் வைத்துப் பாடுகிறேன், பதிவில் அது குரலை அமுக்குகிறது.

பதில்: சுருதியை, ஒலி வெளியே அதிகம் கசியாத மூடிய வகை ஹெட்போனில், ஒரு காதில் மட்டும் கேட்டபடி பாடுங்கள், மறுகாதில் உங்கள் குரல் கேட்கட்டும். பின்னர் அதே சுருதியைத் தனித் தடத்தில் சேர்த்து, வேண்டிய அளவுக்கு வைத்துக்கொள்ளலாம். பாடும்போதும் பின்னர் சேர்க்கும்போதும் ஒரே சுருதிப்பெட்டியின் அல்லது ஒரே கைபேசிச் செயலியின் சுருதியையே பயன்படுத்துங்கள். இம்மியளவு விலகினாலும் பஞ்சமத்தில் நிற்கும்போது உறுத்தும்.