லீவு முடிகிற நாட்கள்

வணக்கம் ஐயா,

தேர்தல் பாதுகாப்புக்காக உங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்த சி.ஆர்.பி.எஃப். வீரர்களைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். என் தம்பியும் அதே படையில் பதினொரு ஆண்டுகளாக இருக்கிறான். இப்போது சத்தீஸ்கரில். லீவில் வந்தவன் சரியாகத் தூங்குவதில்லை. வீடு கட்டிய கடன் ஒருபக்கம், பங்காளிகளோடு வரப்புத் தகராறு ஒருபக்கம். முந்தாநாள் சாப்பிடும்போது, “நான் இல்லாமல் போனால் எல்லோருக்கும் நிம்மதி” என்றான். “பட்டாளத்துக்காரன் பேசுகிற பேச்சா இது?” என்று அப்பா அதட்டினார். அதன்பிறகு அவன் வாயே திறக்கவில்லை. ஒன்பது நாளில் கிளம்ப வேண்டும். லீவு முடியும்போது எல்லோருக்கும் வருகிற வருத்தம்தானா இது? வெளிப்படையாகக் கேட்டால் நாமே அந்த எண்ணத்தை அவன் மனத்தில் போட்டதாகிவிடுமோ? டாக்டரிடம் போனால் வேலைக்கு ஆபத்து வருமா?

பெயர் வேண்டாம்.
வேலூர் மாவட்டம்

அன்புள்ள சகோதரிக்கு,

உங்களுக்கு நேற்றே தனியாகச் சுருக்கமாக எழுதிவிட்டேன். நீங்கள் சம்மதித்ததால் இங்கும் வெளியிடுகிறேன். கம்மவான்பேட்டை என்ற ஊரை ‘இராணுவப்பேட்டை’ என்றே அழைக்கிற மாவட்டம் உங்களுடையது. இதே கேள்வியை மனத்துக்குள் வைத்துக்கொண்டு இன்னும் பல வீடுகள் அங்கே இருக்கும்.

இரண்டாவது கேள்விக்கு முதலில் வருகிறேன். கேளுங்கள், இன்றைக்கே கேளுங்கள். “செத்துவிடலாம் என்று தோன்றுகிறதா தம்பி?” என்று நேராகவே கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் முளைப்பதில்லை என்பதை மனநல மருத்துவர்கள் ஆய்ந்து பார்த்தே சொல்கிறார்கள். அவர் ஏற்கெனவே பாதி சொல்லிவிட்டார், அப்பாவின் அதட்டலில் மீதி உள்ளே போய்விட்டது. கேட்டுவிட்டு உடனே புத்தி சொல்லத் தொடங்காதீர்கள். பிள்ளைகளை நினைத்துப் பார், அம்மாவை நினைத்துப் பார் என்று அடுக்கினால், ‘நான் எல்லோருக்கும் பாரம்’ என்று நினைப்பவரின் தலையில் இன்னொரு மூட்டையை ஏற்றுகிறோம்.

என் பெரியப்பா மெட்ராஸ் ரெஜிமெண்டில் இருந்தவர். “வீர மதராசி, அடி கொல்லு, அடி கொல்லு” என்று அந்தப் படையின் போர்முழக்கத்தை அவர் கத்திக் காட்டினால் தெருப் பிள்ளைகள் எல்லாம் கூடிவிடுவோம். லீவின் கடைசி நாளில் மட்டும் விடியற்காலையிலேயே திண்ணையில் உட்கார்ந்து, படுக்கையைச் சுருட்டி வைக்கிற ஹோல்டாலைக் கட்டுவார். கட்டி முடித்து, அவிழ்த்து, மறுபடியும் கட்டுவார். மத்தியானம் வரை அதுதான் வேலை. நாங்கள் சிரிப்போம். பெரியம்மா ஒரு நாளும் சிரித்ததில்லை.

அந்தத் திண்ணை நினைவில் இருந்ததால்தான் 2024 டிசம்பரில் மத்திய அரசு மாநிலங்களவையில் சொன்ன ஒரு கணக்கைக் கடந்து போக முடியவில்லை. சி.ஆர்.பி.எஃப். உள்ளிட்ட மத்திய ஆயுதக் காவல் படைகளில் ஐந்து ஆண்டுகளில் 730 பேர் தற்கொலை செய்துகொண்டிருக்கிறார்கள். அவற்றில் 80 சதவீதத்துக்கும் மேல், விடுப்பில் வீட்டுக்குப் போய்த் திரும்பிய பிறகு நடந்தவை. ஆகவே ‘எல்லோருக்கும் வருகிற வருத்தம்தான்’ என்று உங்களைத் தேற்ற மாட்டேன்.

காரணங்களையும் அரசு பட்டியலிட்டது: குடும்பத்தில் மரணம், மண முறிவு, கடன், பிள்ளைகளின் படிப்பு. இவை சொந்தக் காரணங்களாம். எனக்கு இந்தச் சொல்லில் உடன்பாடு இல்லை. வரப்புத் தகராறு எந்த ஊரில் இல்லை? ஊரில் இருப்பவன் காலையில் போய் நாலு வார்த்தை பேசுவான், சண்டை போடுவான், சாயங்காலம் டீக்கடையில் புலம்புவான், அடுத்த வாரம் சர்வேயரைக் கூட்டிவருவான். உங்கள் தம்பிக்கோ கல்லை நகர்த்தி நட்டுவிட்டார்கள் என்ற செய்தி காட்டுக்குள் இருக்கும் முகாமில், சிக்னல் கிடைக்கிற அரை மணி நேரத்தில், போனில் வருகிறது. பாதி கேட்பதற்குள் லைன் போய்விடும். மீதியை இரவுக் காவலில் தானே கற்பனை செய்துகொள்ள வேண்டும். லீவு கேட்டால் ஆள் பற்றாக்குறை என்பார்கள். ஒருவழியாகக் கிடைத்து வந்தால் வருஷம் முழுவதும் சேர்த்துவைத்த பிரச்சினைகளை முதல் வாரமே எதிரில் கொட்டுகிறோம். எதுவும் தீராமலே ரயில் ஏறுகிறார். பிரச்சினை சொந்தமானதுதான். அதைத் தீர்க்க முடியாத தூரமும் நேரமும் வேலை கொடுத்தவை. ஆண்டுக்கு 100 நாள் குடும்பத்தோடு இருக்க வழி செய்வோம் என்று அரசு சில ஆண்டுகளாகச் சொல்லிவருகிறது. அது முழுதாக நடந்தால் எந்த யோகா வகுப்பையும்விடப் பயன்படும் என்பது என் கட்சி.

உங்கள் அப்பாவிடம் ஒன்று சொல்லுங்கள். 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிந்தைய போர்களில் களத்தில் இறந்த அமெரிக்கப் படையினர் 7,057 பேர். அதே காலத்தில் பணியில் இருந்தவர்களும் ஓய்வுபெற்றவர்களுமாகத் தற்கொலையால் இறந்தவர்கள் 30,177 பேர் என்று பிரௌன் பல்கலைக்கழகத்தின் 2021 ஆய்வு மதிப்பிட்டது. அவர்களில் யாரையும் கோழை என்று சொல்ல அவருக்கு மனம் வராது என்று நினைக்கிறேன்.

வேலையைப் பற்றிய பயம் பொய்யில்லை. படையில் உடல்தகுதியை ‘ஷேப்’ என்ற ஐந்து ஆங்கில எழுத்துகளால் குறிப்பார்கள். முதல் எழுத்தான ‘எஸ்’ மனநலத்துக்கு உரியது. அதில் தரம் குறைந்தால் சில பணிகளிலிருந்து விலக்கிவைப்பார்கள், பதவி உயர்வு தள்ளிப்போகலாம். இந்த ஓர் எழுத்துக்குப் பயந்துதான் பலர் தூக்கமில்லை என்பதைக்கூட மறைக்கிறார்கள். ஆனால் சிகிச்சைக்குப் போனார் என்பதற்காகவே வீட்டுக்கு அனுப்பிவிடுவதில்லை. தற்காலிகமாகக் குறைத்த தரத்தைக் குணமான பின் மறுபரிசோதனை செய்து உயர்த்துகிற வழியும் உண்டு. ஹெட் கான்ஸ்டபிள் பட்டை இரண்டு வருஷம் தாமதமாக வந்தால் வரட்டும்.

இனி செய்ய வேண்டியவை. டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416, இலவசம், எந்நேரமும் தமிழில் பேசலாம். 104-ஐயும் அழைக்கலாம். முதலில் நீங்களே பேசி, பிறகு அவரிடம் போனைக் கொடுங்கள். நாளைக்கே அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள். அதுவரை, முக்கியமாக இரவில், அவரைத் தனியே விடாதீர்கள். இன்றிரவே நிலைமை மோசமாகத் தெரிந்தால் காலை வரை காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள். டாக்டர் ஓய்வு தேவை என்றால் அந்தச் சான்றிதழோடு லீவு முடிவதற்கு முன்பே யூனிட்டுக்கு எழுத்தில் தெரிவியுங்கள். தாமதித்தால் லீவு முடிந்தும் வராதவர் என்று பதிவாகி, அது தனித் தலைவலியாகும். அவருடைய கம்பெனியில் நெருங்கிய நண்பர் ஒருவரின் எண்ணையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

வரப்பு விவகாரத்தை நீங்களும் அப்பாவும் எடுத்துக்கொள்ளுங்கள். அவர் திரும்பும்வரை அந்தக் கல் எங்கே இருந்தால் என்ன?

அடுத்த மடலில் நீண்ட விவரம் எதுவும் வேண்டாம். டாக்டரைப் பார்த்துவிட்டோம், டிக்கெட்டை ரத்து செய்துவிட்டோம் என்று ஒரு வரி எழுதினால் போதும். அதை நான் வெளியிட மாட்டேன்.