கட்டணம் வாங்கக் கூடாததால் மூடப்பட்ட பள்ளி

கேள்வி: என் மகள் வயிற்றுப் பேரன் அமெரிக்காவில் வாஷிங்டன் நகரிலுள்ள கொன்சாகா பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்கு விண்ணப்பித்திருக்கிறான். கல்லூரிப் படிப்புக்கு ஆயத்தம் செய்யும் கத்தோலிக்கப் பள்ளி என்றும், ஹாஸ்டல் இல்லாத ‘டே ஸ்கூல்’ என்றும் சொல்கிறார்கள். அது எத்தகைய பள்ளி? அதன் வரலாறு என்ன?
— வாசகி ஒருவர், காரைக்குடி

பதில்: ஒன்பது முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை ஆண் பிள்ளைகள் மட்டும் படிக்கும் பள்ளி அது. கைத்தொழிலுக்கோ உடனடி வேலைக்கோ பழக்காமல், பல்கலைக்கழகத்தில் சேர்வதையே குறியாகக் கொண்டு பாடங்களை அமைப்பதைத்தான் ஆயத்தப் பள்ளி என்கிறார்கள். தங்கள் பக்கத்து ஊரான தேவகோட்டையில் தே பிரித்தோ பள்ளியை நடத்தி வரும், கத்தோலிக்கத் துறவியர் அமைப்பான அதே இயேசு சபையினர் தொடங்கிய பள்ளி அது; 1693இல் ஓரியூரில் உயிர்நீத்த அருளானந்தர் அந்தச் சபையைச் சேர்ந்தவரே. பள்ளி தாங்கியிருக்கும் பெயருக்குரியவர், நம் ஊர்க் கத்தோலிக்கர் ஞானப்பிரகாசியார் என்று வணங்கும் புனித அலோசியஸ் கொன்சாகா; கொள்ளைநோயாளிகளுக்குப் பணிவிடை செய்து, 1591இல் இருபத்து மூன்று வயதிலேயே இறந்த துறவி.

1821இல் ‘வாஷிங்டன் செமினரி’ என்ற பெயரில் தொடங்கிய இப்பள்ளி 1827இல் மூடப்பட்டது. மூடியதற்கான காரணத்தைப் படித்த நாளிலிருந்து எனக்கு இப்பள்ளியின்மீது தனி மதிப்பு உண்டு. இயேசு சபையை நிறுவிய இஞ்ஞாசியார், கற்பித்தலுக்குக் கூலி வாங்கக் கூடாது என்று விதித்திருந்தார். 1548இல் இத்தாலியின் மெசினாவில் தொடங்கிய முதல் பள்ளியிலிருந்தே, ஊராரோ பிரபுக்களோ மூலதனம் ஒதுக்கித் தர, அதன் வருவாயில்தான் அவர்கள் பள்ளிகளை நடத்தினார்கள். நகரத்தார் கோயில்களுக்குக் கட்டளை வைத்து அறம் நடத்திய முறையைப் போன்றது அது. அமெரிக்காவில் அப்படி மூலதனம் வைப்பார் அரிது. விடுதிப் பள்ளியாக இருந்தால் உணவுக்கும் உறைவிடத்துக்கும் என்று பணம் பெறலாம்; பிள்ளைகள் காலையில் வந்து மாலையில் வீடு திரும்பும் பள்ளியிலோ கற்பித்தலைத் தவிரக் கட்டணம் கேட்க வேறு எதுவும் இல்லை. எனவே விதியை மீறுவதைவிடப் பள்ளியை மூடுவதே முறை என்று சபை முடிவு செய்தது.

1833இல் திருத்தந்தை பதினாறாம் கிரகோரியார் அந்த விதிக்கு விலக்கு அளித்தார். பள்ளி 1848இல் மறுபடியும் திறக்கப்பட்டது. 1858இல் நாடாளுமன்றத்தின் சாசனத்தால் கொன்சாகா கல்லூரி என்ற பெயரைப் பெற்றது. 1871இல், அயர்லாந்திலிருந்து குடியேறிய ஏழைத் தொழிலாளர் நிறைந்திருந்த பகுதிக்கு, புனித அலோசியஸ் கோயிலின் அருகே இடம் மாறியது. இன்றும் அங்கேதான் இருக்கிறது.

கேள்வி: அப்படியானால் இன்று இவ்வளவு கட்டணம் ஏன்? இலவசமாக நடத்தும் பள்ளி ஒன்றுகூட இல்லையா?
— அதே வாசகி

பதில்: ஊதியம் பெறாத துறவியர் வகுப்பெடுத்த காலம் போய், குடும்பஸ்தர்களான ஆசிரியர்களுக்கு உரிய சம்பளம் தர வேண்டிய காலம் வந்துவிட்டது. நம் நாட்டில் அரசு உதவி பெறும் கத்தோலிக்கப் பள்ளிகளில் ஆசிரியர் சம்பளத்தை அரசே தருவதால் இச்சுமை தெரிவதில்லை. அங்கே அத்தகைய ஏற்பாடு இல்லை.

இலவசமாக நடத்தும் பள்ளி ஒன்று நியூயார்க்கில் இருக்கிறது. அந்நகரின் மேயராக இருந்த ஹ்யூ கிராண்ட் என்பவரின் மனைவி ஜூலியா, கணவர் மறைந்த பின் பெரும்பொருளை வழங்கியதால் 1914இல் உருவான ரீஜிஸ் பள்ளி, ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகக் கட்டணமின்றிக் கற்பித்து வருகிறது. அதுவும் இயேசு சபையின் ‘டே ஸ்கூல்’தான். தாம் கொடுத்தது வெளியே தெரியக் கூடாது என்று அந்த அம்மையார் விரும்பினார். வள்ளல் அழகப்பர் கல்விக்கென்று வாரிக் கொடுத்ததைக் கண்ட காரைக்குடியில் இருக்கும் தங்களுக்கு, ஒரு தனி மனிதரின் கொடை எத்தனை தலைமுறையைத் தாங்கும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

கேள்வி: நாங்கள் சைவர்கள். பேரனை மதம் மாறச் சொல்வார்களோ?
— அதே வாசகி

பதில்: அந்த அச்சம் தேவையில்லை, பிற சமயப் பிள்ளைகளும் அங்கே படிக்கிறார்கள். ஆனால் ஒன்றைத் தெளிவாக அறிந்துகொள்ளுங்கள். நம் அரசியலமைப்பின் 28ஆம் பிரிவு, அரசின் அங்கீகாரமோ உதவியோ பெறும் பள்ளியில், பெற்றோரின் இசைவின்றிப் பிள்ளையைச் சமய வகுப்பில் உட்கார வைக்கக் கூடாது என்கிறது. அதனால்தான் இங்கே கத்தோலிக்கருக்கு மறைக்கல்வியும் மற்றவர்களுக்கு நன்னெறி வகுப்பும் தனித்தனியாக நடக்கின்றன. அங்கோ சமயப் பாடம் எல்லோருக்கும் கட்டாயம். திருப்பலி என்னும் கத்தோலிக்கப் பூசை நடக்கும்போது பேரனும் உடனிருப்பான், அதில் வழங்கும் நற்கருணை அப்பத்தை மட்டும் பெற மாட்டான். ஏழைகளுக்கான தொண்டும் படிப்பின் ஒரு பகுதி. திருநீறு பூசும் பிள்ளைக்கு இவற்றால் குறை எதுவும் வராது என்பதே என் எண்ணம்.

கட்டணம் பெரும் பாரமாகத் தோன்றினால், குடும்ப வருமானத்தைப் பொறுத்துப் பள்ளி நிதியுதவி அளிக்கிறது. இடம் உறுதியாகும்வரை காத்திராமல், இப்போதே விசாரிக்கும்படி மகளிடம் சொல்லுங்கள்.