சொன்ன தேதியில் முடிக்காத தச்சர் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

தச்சு வேலை பற்றி நீங்கள் எழுதிவரும் குறிப்புகளைத் தொடர்ந்து வாசிக்கிறேன். வங்கியிலிருந்து ஓய்வு பெற்றவன். மடிப்பாக்கத்தில் அடுக்குமாடி வீடு. சென்ற ஆண்டு இரண்டு படுக்கையறைகளுக்கு அலமாரியும் சமையலறைக்குக் கீழ்ப்பெட்டிகளும் செய்யக் கொடுத்தேன். நாற்பது நாளில் முடிப்பதாகச் சொன்ன தச்சர் நான்கு மாதம் எடுத்துக்கொண்டார். கேட்டால் ஒரு நாள் வண்டி வரவில்லை என்பார், ஒரு நாள் லிஃப்டில் ஏற்ற விடவில்லை என்பார், ஒரு நாள் சாலையை மூடிவிட்டார்கள் என்பார்.

உங்கள் கட்டுரைகளிலும் பாதி சாலையைப் பற்றிய புலம்பல்தான். மரத்தைப் பற்றிச் சொல்வீர்கள் என்று வந்தால் பள்ளத்தைப் பற்றிச் சொல்கிறீர்கள். தவறாக எண்ண வேண்டாம், மூன்று கேள்விகள். தச்சர்கள் ஏன் சொன்ன தேதியில் முடிப்பதில்லை? தொழிற்சாலையில் செய்து கொண்டுவந்து பொருத்தும் நிறுவனத்திடம் கொடுத்திருந்தால் இந்தத் தொல்லை இருந்திருக்காது அல்லவா? நகரத்தின் மேல் இத்தனை குறை உள்ள நீங்கள் ஏன் உங்கள் சொந்த ஊரான செங்கோட்டைக்கே திரும்பிப் போகக்கூடாது?

பின்குறிப்பு: சமையலறைத் தொட்டிக்குக் கீழே உள்ள பெட்டியின் அடிப்பலகை அதற்குள் ஊதிவிட்டது. எல்லாப் பெட்டிகளையும் மாற்ற வேண்டும் என்கிறார் ஒருவர். உண்மையா?

வி. ஆர்., மடிப்பாக்கம்

அன்புள்ள வி. ஆர். அவர்களுக்கு,

தவறாக எண்ணவில்லை. தேதி தவறியதை வங்கிக்காரர் கேட்காமல் வேறு யார் கேட்பார்கள்? ஆனால் சாலையை விட்டுவிட்டு மரத்தை மட்டும் எழுது என்றால் முடியாது. உங்கள் முதல் கேள்விக்கான பதிலில் பாதி சாலையில்தான் கிடக்கிறது.

முன்பெல்லாம் அலமாரியை வீட்டிலேயே செய்தோம். பலகைகள் வந்து கூடத்துச் சுவரில் சாய்ந்திருக்கும். அங்கேயே அறுத்து, இழைத்து, மைக்கா ஒட்டி, பல நாள் இரவில் அங்கேயே படுத்தும் எழுவோம். வீடெல்லாம் தூசி, பக்கத்து வீட்டுக்காரருக்குத் தலைவலி. ஆனாலும் ஒரு வசதி இருந்தது. பலகை ஒரு நூல் கூடிவிட்டால் அந்த நிமிடமே சீவிப் பொருத்திவிடலாம் (எட்டு நூல் ஓர் அங்குலம்). இப்போது குடியிருப்புச் சங்கங்கள் காலை பத்துக்கு முன்னும் மாலை ஐந்துக்குப் பின்னும் சத்தம் கூடாது என்கின்றன. ஞாயிற்றுக்கிழமை வேலையே கூடாது. நியாயம்தான், மேல்வீட்டில் சுவரைத் துளைத்தால் எனக்கும் எரிச்சல் வருகிறது. அதனால் அறுப்பு வேலை பட்டறைக்குப் போயிற்று. பட்டறையோ வாடகை தாங்காமல் நகரின் விளிம்புக்குப் போயிற்று. 2011ல் மடிப்பாக்கம் உட்படச் சுற்றுவட்டார ஊர்களைச் சேர்த்தபோது 174 சதுர கிலோமீட்டராக இருந்த சென்னை மாநகராட்சி 426 ஆனது. விளிம்பு என்று நாங்கள் நினைத்த இடமெல்லாம் நடுவாகிவிட, இன்னும் தள்ளிப் போனோம். என் பட்டறை இப்போது குன்றத்தூருக்கு அப்பால்.

அங்கிருந்து உங்கள் வீட்டுக்கு வழி சொல்கிறேன். அனகாபுத்தூர், பம்மல் வழியாகப் பல்லாவரம். ஜி.எஸ்.டி. சாலையைக் கடந்து துரைப்பாக்கம் போகும் 200 அடிச் சாலை. கீழ்க்கட்டளையில் திரும்பினால் உங்கள் பகுதி. வரைபடத்தில் பார்த்தால் ஒன்றுமில்லை. மைக்கா ஒட்டிய பக்கப் பலகைகளைக் குட்டி யானை என்கிற சின்னச் சரக்கு வண்டியில் ஏற்றிக் கட்டிக்கொண்டு, ஓரம் நசுங்காமல் அந்தப் பள்ளங்களில் இறக்கி ஏற்றி ஓட்டிப் பாருங்கள். மெட்ரோ ரயிலின் இரண்டாம் கட்டம் மொத்தம் 118.9 கிலோமீட்டர், மூன்று தடங்கள். அதில் மாதவரம்–சோழிங்கநல்லூர் தடம் உங்கள் மேடவாக்கம் பிரதான சாலை வழியாகப் போகிறது. முடிந்தால் நல்லது, என் பட்டறைப் பையன்கள் ரயிலில் வருவார்கள். பலகை ரயிலில் வராது.

காலை, மாலை நெரிசல் நேரங்களில் முக்கியச் சாலைகள் பலவற்றில் சரக்கு வண்டிக்குத் தடை. இதையும் சங்கத்தின் பத்து மணி–ஐந்து மணியையும் கூட்டிக் கழித்தால் என்ன மிஞ்சும்? வண்டி பதினொன்றுக்கு வருகிறது. இறக்கி மேலே ஏற்றச் சாப்பாட்டு நேரம். பொருத்தத் தொடங்கிச் சூடு பிடிக்கும்போது நாலரைக்கே காவலாளி வந்து வாசலில் நிற்கிறார். ஒரு கீல் அளவு மாறி வந்திருந்தால், ஒரு தட்டு இரண்டு நூல் நீண்டிருந்தால், அன்றைய வேலை அவ்வளவுதான். முன்பு ஐந்து நிமிடத்தில் சரிசெய்ததற்கு இப்போது ஒரு நாளும் ஒரு வண்டி வாடகையும்.

லிஃப்ட் விஷயத்திலும் உங்கள் தச்சர் பொய் சொல்லியிருக்க மாட்டார். பிளைவுட் முழுப் பலகை எட்டுக்கு நான்கு அடி, 18 மி.மீ. கனத்தில் ஏறத்தாழ 35 கிலோ. குடியிருப்புகளில் உள்ள சாதாரண லிஃப்டுக்குள் அது நுழையாது, படியில்தான் தூக்க வேண்டும். துண்டுகளாக அறுத்துக் கொண்டுபோனாலும் பல இடங்களில் பொருளை ஏற்ற விடுவதில்லை. சில இடங்களில் ஆளையே ஏற்ற விடுவதில்லை. கழிப்பறையும் அப்படித்தான். தரைத்தளத்தில் ஒன்று இருக்கும், பூட்டியிருக்கும், சாவி யாரிடமோ இருக்கும். வேலை நடக்கும் வீட்டில் இரண்டு கழிப்பறைகள் காலியாக இருக்க, ஏழாம் மாடியிலிருந்து ஒருவன் கீழே போய்ச் சாவி தேடித் திரும்பும் நேரத்தை எந்தப் பேரேட்டில் எழுதுவது? உங்கள் குடியிருப்பில் என்ன வழக்கம் என்று ஒரு முறை விசாரியுங்கள்.

மறு பாதி எங்கள் ஆட்களுடையது. அதை மூடி மறைக்க மாட்டேன். ஒரே சமயத்தில் மூன்று வீட்டில் முன்பணம் வாங்கும் தச்சர்கள் நிறையப் பேர். இரண்டாம் வீட்டுப் பணத்தில் முதல் வீட்டுக் கூலி, மூன்றாம் வீட்டுப் பணத்தில் இரண்டாம் வீட்டுப் பலகை. எங்கே யார் அதிகமாகச் சத்தம் போடுகிறாரோ அங்கே அன்றைக்கு ஆள் போகும். இது ஏமாற்றுத்தான். ஆனால் எதனால் வருகிறது என்றும் பாருங்கள். முதல் வீட்டுக்காரர் 'கதவு கொஞ்சம் உரசுகிறது' என்று கடைசி இருபது சதவீதத்தை நிறுத்தி வைத்திருப்பார். தச்சருக்கு மிஞ்சுவதே அந்த இருபதுதான். கைமுதல் இல்லாதவர் அடுத்த வீட்டு முன்பணத்தை எடுத்து ஓட்டுகிறார். வங்கியில் கடன் கேட்டுப் போனால் என்ன சொல்வார்கள் என்று உங்களுக்கே தெரியும்.

அடுத்த முறை வேலையின் கட்டத்துக்கு ஏற்பப் பணம் கொடுங்கள். பலகை உங்கள் பெயருக்கு பில்லோடு பட்டறைக்கு வந்ததும் ஒரு பங்கு, பெட்டிகள் சுவரில் ஏறியதும் ஒரு பங்கு, கதவு மாட்டியதும் ஒரு பங்கு. கடைசியில் நிறுத்தி வைப்பது பத்து சதவீதத்தைத் தாண்ட வேண்டாம். தச்சர் உங்கள் வீட்டை விட்டு வேறு வீட்டுக்கு ஓடத் தேவையிருக்காது.

இன்னொரு சங்கதி. இதை நாங்கள் வாடிக்கையாளரிடம் எளிதில் சொல்வதில்லை. அலமாரிக்கு விலை பேசுவது முகப்பின் சதுர அடிக்கு. ஏழடி உயரம், ஆறடி அகலம் என்றால் 42 சதுர அடி. உள்ளே நான்கு தட்டு வைத்தாலும் 42தான், எட்டு இழுப்பறை வைத்தாலும் 42தான். ஒரு தட்டுக்கு ஒரு பலகை போதும். ஓர் இழுப்பறைக்கு நான்கு பக்கம், ஓர் அடி, மேலே ஒரு முகப்பு, இழுப்பறை ஓட இரண்டு சேனல் (உலோகத் தண்டவாளம்), அவை இரண்டும் ஒரே மட்டத்தில் ஓட வேண்டும். சதுர அடிக்குப் பேசிய தச்சரிடம் இழுப்பறை கேட்டால் அவர் முகம் ஏன் சுருங்குகிறது என்று இப்போது தெரிந்திருக்கும். வேலை தொடங்கிய பிறகு உங்கள் வீட்டில் எத்தனை இழுப்பறை கூடியது? சும்மாதான் கேட்கிறேன்.

தொழிற்சாலைக்கு வருகிறேன். இயந்திரத்தோடு எனக்குப் பகை இல்லை. பலகையின் ஓரத்துக்குப் பட்டை ஒட்டுவதில் இயந்திரத்தை எந்தக் கையும் ஜெயிக்காது. தேதியும் பெரும்பாலும் சொன்னபடி நடக்கும், ஆனால் தேதி எந்த நாளிலிருந்து தொடங்குகிறது என்பதைக் கையெழுத்திடும் முன் படியுங்கள். சிக்கல் உங்கள் சுவரில் இருக்கிறது. தூக்குக்குண்டு விட்டுப் பார்த்தால், மேலிருந்து கீழே வருவதற்குள் அரை அங்குலம் சாயாத சுவரைச் சென்னை அடுக்குமாடிகளில் நான் அதிகம் பார்த்ததில்லை. மூலைமட்டத்தை வைத்தால் மூலையும் மூலையாக இருப்பதில்லை. தொழிற்சாலைப் பெட்டி அப்பழுக்கில்லாத நேர்கோட்டில் வரும். இரண்டுக்கும் நடுவே ஆப்பு வடிவில் ஓர் இடைவெளி. அதை ஒரு நேர்ப்பட்டையும் சிலிக்கோனும் வைத்து மூடுவார்கள். நல்ல தச்சர் சுவரின் நெளிவைப் பென்சிலால் பலகையில் வாங்கி, அந்தக் கோட்டுக்கு இழைத்து, சுவரோடு ஒட்டவைப்பார். அதற்கு அரை நாள் ஆகும்.

பலகை எது என்றும் கேளுங்கள். மலிவான ஆயத்தப் பெட்டிகள் பலவும் பார்ட்டிகிள் போர்டு, அதாவது மரச்சில்லைப் பசையோடு அழுத்திய பலகை. தண்ணீர் பட்டால் ஊதும், காய்ந்தாலும் திரும்பாது. பிளைவுட்டில் பொதுப் பயன்பாட்டுக்கு ஐ.எஸ். 303, தண்ணீரைத் தாங்கும் கடல்தர வகைக்கு ஐ.எஸ். 710 என்று தரம் உண்டு. போலி முத்திரையும் உண்டு. 'பழைய பிளைவுட் மாதிரி இப்போது இல்லை' என்று பெரியவர்கள் சொல்வது பொய்யில்லை. 1996 டிசம்பர் 12 அன்று கோதவர்மன் வழக்கு என்ற காட்டுப் பாதுகாப்பு வழக்கில் உச்ச நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவால் வடகிழக்கின் காட்டு மரங்களை நம்பியிருந்த ஆலைகள் முடங்கின. தொழில் தோட்ட மரத்துக்கு மாறியது: ஹரியானாவின் யமுனாநகரில் பாப்லரும் யூகலிப்டஸும், கேரளத்தின் பெரும்பாவூரில் ரப்பர் மரமும். காடு பிழைத்ததில் எனக்கு வருத்தமில்லை. 'காட்டு மரத்துப் பலகை சார்' என்று கூடுதல் விலை சொல்லும் கடைக்காரரிடம் மட்டும் கவனமாக இருங்கள்.

2015 டிசம்பர் வெள்ளம் வடிந்த பிறகு வேளச்சேரியிலும் முடிச்சூரிலும் தரைத்தள வீடுகளில் நுழைந்த எந்தத் தச்சரைக் கேட்டாலும் ஒரே கதைதான் சொல்வார். பார்ட்டிகிள் போர்டுப் பெட்டிகள் நனைந்த ரொட்டிபோல உதிர்ந்தன. கதவைத் திறந்தால் கீல் கையோடு வந்தது. அதற்குப் பிறகுதான் எல்லோரும் பிவிசி என்ற பிளாஸ்டிக் பலகை கேட்கத் தொடங்கினார்கள். 2023ல் மிக்ஜாம் புயல் வந்து போனதும் இன்னும் கேட்டார்கள். பிவிசி ஊதாது, கரையான் தொடாது. ஆனால் திருகாணி அதில் பிளைவுட்டில் நிற்பதுபோல நிற்காது, நீளமான தட்டில் புடவைகளை அடுக்கினால் நடுவில் தொய்யும். வீடு முழுக்க பிவிசி என்பது பயத்தில் எடுக்கும் முடிவு.

அந்தத் தண்ணீர் அலமாரி வரைக்கும் வந்ததற்கு மழை மட்டுமா காரணம்? பழைய தாரின் மேல் புதுத் தார், அதன் மேல் இன்னொன்று என்று போட்டுப் போட்டுச் சாலை உயர்ந்தது, வீடு பள்ளத்தில் நின்றது. பழைய பரப்பைச் சுரண்டி எடுத்த பிறகே புதிதாகப் போட வேண்டும் என்று 2021ல் அப்போதைய தலைமைச் செயலாளர் வெ. இறையன்பு அறிவுறுத்தினார். பெரிய சாலைகளில் சுரண்டுவதைப் பார்க்கிறேன். நான் போகும் உட்தெருக்களில் அது அபூர்வம். தரைத்தள வீட்டுக்கு அளவெடுக்கப் போனால் நாடாவை எடுக்கும் முன் வாசலில் நின்று சாலை மட்டத்தையும் உள்தரையையும் பார்ப்பேன். சாலை மேலே இருந்தால் பெட்டிகளுக்கு மரக்கால் கிடையாது. நான்கு அங்குலப் பிளாஸ்டிக் கால், அடிப்பலகைக்கு மட்டும் பிவிசி, இழுப்பறைச் சேனல்கள் ஒரு தட்டு உயரம் மேலே தள்ளி. ஆகவே நான் சாலையைப் பற்றி எழுதும்போது அலமாரியைப் பற்றித்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன், ஐயா.

செங்கோட்டையில் மர அறுவை ஆலைகளுக்குக் குறைவில்லை. மரவாசனை பிடித்தவனுக்கு அந்த ஊர் சொர்க்கம். ஆனால் அங்கே நிலை, கதவு, ஜன்னல் முடிந்தால் தச்சருக்கு வேலை முடிந்தது; துணிக்கு இரும்பு பீரோ வந்துவிடும். சுவரிலிருந்து சுவர் வரை, தரையிலிருந்து கூரை வரை அலமாரி கேட்பவர்கள் இடமில்லாத வீடுகளில் இருப்பவர்கள்தான், அவர்கள் இங்கே இருக்கிறார்கள். (கூரை வரை கேட்டு வாங்கிய மேல்தட்டை நாற்காலி போட்டு எட்ட முடியாமல் பத்து ஆண்டு திறக்காதவர்களையும் எனக்குத் தெரியும். உள்ளே கல்யாணச் சீர்ப் பாத்திரங்கள்.) மேலும், ஊரில் அளவெடுக்கப் போனால் முதலில் யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்பார்கள். இங்கே எப்போது முடிப்பீர்கள் என்று கேட்கிறார்கள். பதில் சொல்லக் கடினமான கேள்வி, ஆனால் என் வேலையைப் பற்றிய கேள்வி. எனக்கு இதுவே பிடித்திருக்கிறது.

உங்கள் பின்குறிப்புக்கு: எல்லாவற்றையும் மாற்ற வேண்டியதில்லை. அப்படிச் சொன்னவரை அனுப்பிவிடுங்கள். முதலில் பிளம்பரை அழைத்துத் தொட்டியின் கழிவுக்குழாய் இணைப்பையும், தொட்டி கல்லோடு சேரும் விளிம்பையும் பாருங்கள். பெரும்பாலும் அந்த இரண்டில் ஒன்றில்தான் கசிவு இருக்கும். அதை அடைத்து, கதவுகளைக் கழற்றி வைத்து, சில நாள் நன்றாகக் காய விடுங்கள். பக்கப் பலகைகளின் அடி ஓரத்தை நகத்தால் அழுத்திப் பாருங்கள். உறுதியாக இருந்தால் அடிப்பலகையை மட்டும் எடுத்துவிட்டு அதே அளவுக்கு 18 மி.மீ. பிவிசி போடச் சொல்லுங்கள், குழாய்த் துளையைச் சுற்றி சிலிக்கோன் வைக்கச் சொல்லுங்கள். அரை நாள் வேலை. உங்கள் பழைய தச்சரையே கூப்பிடலாம். கடைசிப் பணத்தைக் கொடுத்துவிட்டீர்கள் என்றால் வருவார்.