பழைய சர்வர் வாங்கும் முன்

கேள்வி: பதினைந்து பேர் வேலை செய்யும் அலுவலகம் எங்களுடையது. கணக்கு மென்பொருளை ஓட்டவும் கோப்புகளை ஒரே இடத்தில் வைக்கவும் சர்வர் வேண்டும். புதியது கட்டுப்படியாகவில்லை. பழைய டெல் ஆர்740 ஒன்று ஹார்ட் டிஸ்க்குகளோடு மலிவாக வருகிறது. நம்பி வாங்கலாமா?

பதில்: வாங்கலாம். ஆனால் டிஸ்க்குகளைக் கழற்றிக்கொள்ளச் சொல்லி, மிச்சத்துக்கு மட்டும் விலை பேசுங்கள்.

ஆர்740 வெளிவந்தது 2017இல். வாரண்டி முடிந்ததும் சர்வர்களை மாற்றிவிடுவது பெரிய நிறுவனங்களின் வழக்கம். அதனால் விற்பனைக்கு வருவதில் பெரும்பகுதி பழுதாகாத சரக்குதான். குளிரூட்டிய அறையிலேயே இருந்த மதர்போர்டும் பிராசசரும் ரேமும் லேசில் கெடாது. தேய்வது டிஸ்க், விசிறி, ரெய்டு கார்டின் (பல டிஸ்க்குகளைச் சேர்த்து நிர்வகிக்கும் அட்டை) பேட்டரி ஆகியவைதான்.

டிஸ்க் எத்தனை மணி நேரம் ஓடியது என்று, தன் நிலையைப் பற்றி அதுவே வைத்துக்கொள்ளும் ‘ஸ்மார்ட்’ பதிவு காட்டும். வருடத்துக்கு 8,760 மணி என்று கணக்குப் போட்டால் அதன் வயது தெரிந்துவிடும். சர்வரோ பழசு, டிஸ்க்கோ பத்து மணி நேரம்தான் ஓடியதாகக் காட்டுகிறதா? அப்படியானால் இரண்டில் ஒன்று: டிஸ்க் புதிதாக மாற்றப்பட்டிருக்கிறது, அல்லது பதிவை அழித்திருக்கிறார்கள். பின்னது கற்பனை இல்லை. ஓடித் தேய்ந்த சீகேட் டிஸ்க்குகளைப் பதிவை அழித்து யாரோ புதியவை என்று விற்றது 2025 தொடக்கத்தில் வெளியே வந்தது. காட்டிக்கொடுத்தது டிஸ்க்குக்குள் தனியாக இருக்கும் ‘ஃபார்ம்’ என்ற இன்னொரு பதிவு.

சர்வரின் சர்வீஸ் டேக் எண்ணை (டெல் ஒவ்வொரு சர்வருக்கும் தரும் அடையாள எண்) டெல் இணையதளத்தில் போட்டால் ஆலையிலிருந்து எந்த உறுப்புகளோடு வந்தது என்று தெரியும். விற்பவர் தரும் பட்டியலோடு ஒப்பிடுங்கள். தூரத்திலிருந்தே திரையைப் பார்த்து இயக்க, டெல்லின் ஐடிராக் என்ற தொலை நிர்வாக வசதிக்கு எண்டர்பிரைஸ் உரிமம் வேண்டும். அது இருக்கிறதா என்றும் கேட்டுவிடுங்கள்.

அப்புறம் மின்சாரம். சராசரியாக 150 வாட் இழுத்தாலே வருடத்துக்கு 1,300 யூனிட்டைத் தாண்டும். சத்தமும் உண்டு. ஆட்கள் உட்காரும் அறையில் வைக்காதீர்கள்.

கேள்வி: சர்வருக்கான ஏஎம்டி எபிக் பிராசசர் மட்டும் தனியாக மலிவாகக் கிடைக்கிறது. ‘சோதித்தது, வேலை செய்கிறது’ என்கிறார்கள். சூப்பர்மைக்ரோ நிறுவனத்தின் மதர்போர்டில் போடலாமா?

பதில்: எந்த நிறுவனத்தின் சர்வரிலிருந்து கழற்றியது என்று தெரியாமல் பணம் கொடுக்காதீர்கள். டெல் உள்ளிட்ட சிலரின் சர்வர்களில் எபிக் பிராசசரைப் போட்டு இயக்கினால், பாதுகாப்புக்காக அது அந்த நிறுவனத்தின் போர்டுகளோடு பூட்டப்பட்டுவிடலாம். பூட்டு விழுவது சிப்புக்குள்ளேயே; பிறகு திறக்கவே முடியாது. டெல் போர்டில் வைத்துப் பார்த்துவிட்டு ‘வேலை செய்கிறது’ என்று சொல்பவர் பொய் சொல்லவில்லை, பாதியைச் சொல்கிறார், அவ்வளவுதான். ‘பூட்டப்படாதது’ என்று எழுத்தில் வாங்குங்கள், திருப்பித் தரும் உரிமையோடு.

கேள்வி: ஸ்டோரேஜ் பெட்டியிலிருந்து (டிஸ்க்குகளை மட்டும் அடுக்கி வைக்கும் சேமிப்புக் கருவி) கழற்றிய எஸ்ஏஎஸ் (சர்வர்களில் பயன்படும் இணைப்பு வகை) டிஸ்க்குகள் சர்வரில் தெரிகின்றன, ஆனால் பயன்படுத்த முடியவில்லை. கெட்டவையா?

பதில்: பெரும்பாலும் இல்லை. அப்படிப்பட்ட பெட்டிகளில் பல, செக்டருக்கு (டிஸ்க்கில் தரவை எழுதும் சிறு பகுதி) 520 பைட் என்று டிஸ்க்கை வடிவமைத்திருக்கும். உங்கள் சர்வர் எதிர்பார்ப்பது 512. லினக்ஸில் எஸ்ஜி ஃபார்மட் கருவியால் மாற்றலாம். டிஸ்க்கில் இருப்பதெல்லாம் அழிந்துவிடும். பெரிய டிஸ்க் என்றால் பல மணி நேரம் பிடிக்கும். நடுவில் மின்சாரம் போகாமல் யுபிஎஸ்ஸில் போட்டுச் செய்யுங்கள்.