முகம் செதுக்காத தம்பதி

அன்புள்ள ஐயா,

சென்ற மாதம் வாட்டிகன் அருங்காட்சியகத்தில் பழைய கிறிஸ்தவக் கல் ஈமப்பேழைகளைப் பார்த்தேன். விவிலியத்து யோனா சுரைக்கொடியின் கீழே, கிரேக்கப் புராணத்தில் உறங்கும் அழகன் எண்டிமியோன் போலவே படுத்திருக்கிறார். இயேசுவுக்குத் தாடியே இல்லை. நல்ல மேய்ப்பன் உருவம்கூட ரோமானியரிடம் முன்பே இருந்ததுதானாம். அப்படியானால் ஆரம்பகாலக் கிறிஸ்தவக் கலை வெறும் நகல்தானா? ஒரு பெரிய பேழையில் கணவன் மனைவி முகங்களைச் செதுக்காமலே விட்டிருந்தார்கள். சிற்பியின் சோம்பல் போலும்.

ரா.

அன்புள்ள ரா.,

இவ்வளவு நேரம் நின்று பார்த்திருக்கிறீர்கள், அதுவே எனக்குச் சந்தோஷம். ஆனால் நான் பதில் எழுதுவது உங்கள் கடைசி வரிக்காக. அந்த முகங்கள் கொஞ்ச நாளாகவே என்னை விடாமல் பிடித்திருக்கின்றன.

நகலா என்ற கேள்விக்கு அதிகம் மெனக்கெட வேண்டாம். ஒரே பட்டறைகள்தான் கிறிஸ்தவர், மற்ற ரோமானியர் என இரு சாராருக்கும் வேலை செய்தன. 359இல் இறந்த ரோம் நகர ஆளுநர் யூனியுஸ் பாஸுஸ் சாகும் தறுவாயில் ஞானஸ்நானம் பெற்றவர். அவருடைய பேழையில் கிறிஸ்துவின் காலடியில் இருப்பவன் ரோமானிய வானதேவன். பக்கவாட்டில் குழந்தைகள் திராட்சை பறிக்கிறார்கள். கைக்குப் பழகிய உருவத்தில் சிற்பி புதிய கதையைச் சொல்லியிருக்கிறான். இதில் திருட்டு எங்கே வந்தது? தாடியை இன்னொரு நாள் பேசலாம்.

சோம்பல் என்று எழுத உங்களுக்கு எப்படி மனம் வந்தது? நீங்கள் பார்த்தது 'டாக்மாட்டிக்' என்று பெயர்பெற்ற பேழையாகத்தான் இருக்கும். நான்காம் நூற்றாண்டின் முற்பாதியைச் சேர்ந்தது, ரோமின் புனித பவுல் பேராலயத்தில் கிடைத்தது. ஏவாளின் படைப்பு, கானாவூர்த் திராட்சரசம், லாசரு, சிங்கங்களுக்கு நடுவே தானியேல், பேதுருவின் சேவல் என்று இண்டு இடுக்கு விடாமல் செதுக்கியவனுக்கு இரண்டு முகம் மட்டும் அலுத்துவிட்டதா? பேழையின் நடுவே உள்ள வட்டத்துக்குள் தம்பதியின் உடைமடிப்பு முடிந்திருக்கிறது. தலைகள் மட்டும் கரடாக நிற்கின்றன. மூக்குக்கும் முடிக்கும் வேண்டிய கல்லை மிச்சம் வைத்திருக்கிறான். வேண்டுமென்றே வெறுமையாக விட்டார்கள், அதில் ஆழ்ந்த பொருள் இருக்கிறது என்று சொல்கிறவர்களும் உண்டு. என்னால் ஏற்க முடியவில்லை. வெறுமைதான் வேண்டுமென்றால் மழித்துத் தேய்த்திருப்பானே, கல்லை எதற்கு மிச்சம் வைக்க வேண்டும்? பேழையை முன்கூட்டியே செய்துவைப்பார்கள், முகம் மட்டும் வாங்குகிறவருக்காகக் காத்திருக்கும். சாவு காத்திருக்காது. உடலை வைத்து மூடியாக வேண்டும். மூடிய பிறகு உளியோடு யார் திரும்பி வருவார்கள்?

என் அப்பாயி இறந்தபோது வீட்டில் அவருக்கென்று ஒரு தனிப்படம் இல்லை. யாருடைய கல்யாணத்திலோ பின்வரிசையில் நின்றிருந்த முகத்தை வெட்டி, ஸ்டுடியோவில் பெரிதாக்கி, புருவமும் உதடும் தீட்டிக் கொடுத்தார்கள். பதினாறாம் நாள் மாலை போட்டபோது அத்தை படத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இது எங்க அம்மா இல்லடா" என்று அழுதார். அந்தப் படம் இன்னும் எங்கள் கூடத்தில்தான் தொங்குகிறது. அதன் முன்னால் நிற்கும்போதெல்லாம், அந்த ரோமானியக் குடும்பம் கரட்டுக் கல்லை அப்படியே விட்டது நல்லதுதான் என்று தோன்றும். யாரோ ஒருத்தியின் முகத்தை அந்த மனைவியின்மேல் ஏற்றவில்லை.

அடுத்த முறை ரோமுக்குப் போனால், டெர்மினி ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலேயே பலாஸ்ஸோ மாஸிமோ அருங்காட்சியகம் இருக்கிறது. அங்கே போர்ட்டனாச்சோ பேழையைப் பாருங்கள். சுமார் 180ஆம் ஆண்டு, கிறிஸ்தவத்துக்குச் சம்பந்தமே இல்லாதது. போர்க்களத்தில் சாகிறவனின் திறந்த வாய் வரை செதுக்கியிருக்கிறார்கள். நடுவில் குதிரைமேல் வரும் தளபதிக்கு மட்டும் முகம் இல்லை. மூடியில் அவன் மனைவிக்கும் இல்லை. அதைப் பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.