முதல் ட்ரையத்லானுக்கு முன் நீச்சல்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

ட்ரையத்லான் போட்டியில் நீச்சல், சைக்கிள், ஓட்டம் ஆகிய மூன்றும் இடைவெளியின்றி இதே வரிசையில் தொடர்கின்றன. புதியவர்கள் பெரும்பாலும் ஸ்பிரின்ட் தூரத்தில் தொடங்குகிறார்கள்: 750 மீட்டர் நீச்சல், 20 கிலோமீட்டர் சைக்கிள், 5 கிலோமீட்டர் ஓட்டம். 2000-ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில் ட்ரையத்லான் முதன்முறையாக இடம்பெற்றபோது வைக்கப்பட்ட தூரம் இதன் இரு மடங்கு. இம்முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை, நன்றாக ஓடுகிறவர்களும் சைக்கிள் மிதிக்கிறவர்களும் நீரை நினைத்து அஞ்சி எழுதியவை. அந்த அச்சம் நியாயமானது. முறையாகப் பழகினால் தீரக்கூடியதும் ஆகும்.

நான் 10 கிலோமீட்டரை 55 நிமிடத்தில் ஓடுகிறேன். ஆனால் ஃப்ரீஸ்டைலில் 50 மீட்டர் போவதற்குள் மூச்சு வாங்கி, குளத்தின் ஓரத்தைப் பிடித்துக்கொள்கிறேன். உடலில் வலு போதவில்லையா?
வாசகர், வயது 36, திருச்சி

வலுவில் குறையே இல்லை. நீங்கள் மூச்சை இழுப்பதில் காட்டும் அக்கறையை விடுவதில் காட்டவில்லை என்று, உங்களை நேரில் பார்க்காமலேயே ஓரளவு உறுதியாகச் சொல்வேன். ஓடும்போது மூச்சு தன் போக்கில் வந்துபோகிறது. நீரிலோ, முகம் அமிழ்ந்திருக்கும் நேரம் முழுவதும் வாயை இறுக்கி மூடிக்கொண்டு, தலையைத் திருப்பும் அந்த ஒரு நொடிக்குள் பழைய காற்றை விடவும் புதிய காற்றை இழுக்கவும் முயல்கிறோம். இரண்டுக்கும் அந்த நொடி போதாது. முழுதாக வெளியேறாத காற்றோடு கரியமில வாயுவும் உள்ளே தேங்குகிறது. மூச்சு முட்டுகிறதே என்ற தவிப்பை முதலில் எழுப்புவது அந்த வாயுதான். ஆக்சிஜன் குறைவதற்கு வெகுமுன்பே அந்தத் தவிப்பு வந்துவிடும்.

என்னிடம் பழக வந்த மாரத்தான் ஓட்டக்காரர் ஒருவரை நீருக்கடியிலிருந்து கவனித்திருக்கிறேன். 25 மீட்டர் முழுவதும் அவர் முகத்தருகே ஒரு குமிழிகூட எழவில்லை. கன்னங்கள் உப்பி, கழுத்து நரம்புகள் புடைத்திருந்தன. சுவரைத் தொட்டு நிமிர்ந்ததும், காற்றை இழுப்பதற்குப் பதிலாக ஒரு பெருமூச்சாக வெளியே கொட்டினார். அவருக்கு இரண்டு வாரம் கை வீச்சைப் பற்றி எதுவுமே சொல்லவில்லை. மார்பளவு நீரில் சுவரைப் பிடித்துக்கொண்டு முகத்தை அமிழ்த்தி, "ம்ம்ம்" என்று முனகுவதுபோல் மூக்கு வழியாக மெல்லிய குமிழிகளாக விட்டு, தலையைப் பக்கவாட்டில் திருப்பி மூச்சை இழுத்து, மறுபடி முகத்தை அமிழ்த்துவது மட்டுமே பயிற்சி. ஒரு நாளைக்கு இருபது, இருபதாக மூன்று முறை. அதன்பின் 25 மீட்டர் நீந்தி 20 நொடி ஓய்வெடுப்பதை எட்டு முறை செய்தார். மூன்றாம் வாரத்தில் 200 மீட்டரை நிற்காமல் கடந்தார்.

நீங்களும் இதையே செய்யுங்கள். வேகத்தையும் பாதியாகக் குறையுங்கள். காற்றைவிட நீர் ஏறத்தாழ 800 மடங்கு அடர்த்தியானது என்பதால், நீரில் முரட்டுத்தனமாகச் செலவிடும் பலத்தில் பெரும்பகுதி முன்னே செல்ல உதவாமல் வீணாகிறது. ஓர் எச்சரிக்கையும் உண்டு: வேகவேகமாக மூச்சை இழுத்துவிட்டு, பிறகு அடக்கிக்கொண்டு நீருக்கடியில் நெடுந்தூரம் போகும் போட்டி விளையாட்டில் ஒருபோதும் இறங்காதீர்கள். அதில் எந்த முன்னறிகுறியும் இல்லாமல் நினைவு தப்பும்.

சிறுவயதில் எங்கள் ஊர்க் கிணற்றில், முதுகில் சுரைக்குடுக்கை கட்டி நீந்தப் பழகினேன். ஆழத்தைக் கண்டு பயமில்லை. ஆனால் நீச்சல் குளத்தில் கோச், "தலை மேலே இருக்கிறது, கால் மூழ்குகிறது" என்று ஓயாமல் சொல்கிறார். நான் கற்றது தவறா?
வாசகர், வயது 41, பொள்ளாச்சி

தவறே இல்லை. ஆழத்துக்கு அஞ்சாத உடல் உங்களிடம் இருக்கிறது. அதை ஊட்டுவதற்கே மற்றவர்களிடம் நான் மாதக்கணக்கில் பாடுபட வேண்டியிருக்கிறது. கிணற்றில் தலையைத் தூக்கி நீந்துவதற்குக் காரணமும் உண்டு. மேலிருந்து யார் குதிக்கிறார்கள், படி எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்த்தபடிதான் அங்கே நீந்த முடியும். கடக்க வேண்டிய தூரமும் நாலைந்து வீச்சுக்கு மேல் இருக்காது. 750 மீட்டருக்கு அந்த முறை கட்டுப்படியாகாது, அவ்வளவுதான்.

காற்று நிறைந்த நுரையீரல் மார்பைத் தூக்குகிறது. எடை மிகுந்த இடுப்பும் கால்களும் தாழ்கின்றன. தராசுபோல் இயங்கும் இந்த உடலில் தலையை ஓர் அங்குலம் தூக்கினாலும் கால் அதைவிட அதிகமாக இறங்கும். கால் இறங்கினால், கையால் இழுக்கும் ஒவ்வொரு முறையும் சாய்ந்த பலகையை நீரில் தள்ளுவதுபோல் ஆகிவிடும். ஆகவே பார்வையைக் குளத்தின் தரையில், சற்று முன்னே பதியுங்கள். மார்பை லேசாக நீருக்குள் அழுத்துங்கள். மூச்செடுக்கும்போது தலையைத் தூக்காமல் உடலோடு சேர்த்து உருட்டுங்கள். ஒரு கண் நீருக்குள்ளேயே இருக்க வேண்டும். ஒரு பக்கமாகச் சாய்ந்து, கீழ்க்கையை முன்னே நீட்டி, மெதுவாகக் காலடித்து 25 மீட்டர் போகும் பயிற்சி உங்களுக்கு மிகவும் உதவும். காலடியை முழங்காலிலிருந்து உதைக்காமல் இடுப்பிலிருந்து அசையுங்கள். கணுக்கால் விறைப்பாக இருந்தால், தினமும் சில நிமிடம் வஜ்ராசனத்தில் உட்காருங்கள். முழங்கால் வலி உள்ளவர்கள் மட்டும் இதைத் தவிர்க்கலாம்.

பன்னிரண்டு வாரத்தில் ஸ்பிரின்ட் போட்டி. இப்போது 200 மீட்டர் நிற்காமல் நீந்துவேன். வேலைக்கு இடையில் வாரத்தில் மூன்று நாள் மட்டுமே குளத்துக்குப் போக முடிகிறது. போதுமா?
வாசகி, வயது 44, மதுரை

போதும். மூன்று நாளும் ஒரே மாதிரி மேலும் கீழும் நீந்திவிட்டு வருவதைத்தான் தவிர்க்க வேண்டும். முதல் நாளை முழுக்க நுட்பத்துக்குக் கொடுங்கள்: மூச்சு, சமநிலை, முன்னே நீட்டிய கை நீரைப் பற்றும் விதம். மூன்றாம் நாளில் நீண்ட நீச்சல்: 300 மீட்டரில் தொடங்கி வாரம் 100 மீட்டர் கூட்டினால் எட்டாம் வாரத்தில் 1000 மீட்டரை எட்டுவீர்கள். போட்டித் தூரத்தைவிடக் கூடுதலாக நீந்தியிருப்பது அன்று காலையில் மனத்துக்குத் தரும் தெம்பைக் குறைத்து மதிப்பிடாதீர்கள். கடைசி வாரத்தில் தூரத்தைப் பாதியாகக் குறைத்துவிடுங்கள்.

நடுவில் உள்ள இரண்டாம் நாள் வேகத்துக்கானது. அதற்கு உங்கள் அளவை முதலில் கண்டறிய வேண்டும். ஒரு நாள், நன்றாக உடலைச் சூடேற்றிக்கொண்டு 400 மீட்டரை முடிந்த அளவு சீரான வேகத்தில் நீந்தி நேரத்தைக் குறியுங்கள். நன்கு ஓய்வெடுத்து, 200 மீட்டரையும் அதேபோல் நீந்துங்கள். 400-க்கு 10 நிமிடம் 40 நொடியும், 200-க்கு 5 நிமிடமும் ஆனதாகக் கொள்வோம். இடையிலுள்ள 5 நிமிடம் 40 நொடியைப் பாதியாக்கினால் 100 மீட்டருக்கு 2 நிமிடம் 50 நொடி. அதுதான் நீங்கள் தளராமல் நெடுநேரம் தாங்கக்கூடிய வேகத்தின் மதிப்பீடு. அந்த வேகத்தில் 100 மீட்டர், 20 நொடி ஓய்வு என எட்டு முறை நீந்துவதே அன்றைய முக்கியப் பகுதி. முதல் நூறும் எட்டாவது நூறும் ஒரே நேரத்தில் முடிய வேண்டும்; முதலிரண்டை வேகமாக முடித்துவிட்டுக் கடைசியில் தவிப்பவர்களே அதிகம். இந்த வேகத்தில் 750 மீட்டருக்கு 21 நிமிடம் 15 நொடி ஆகும். முதல் போட்டிக்கு அது நல்ல நேரம். நான்கு வாரத்துக்கு ஒருமுறை இந்தச் சோதனையைத் திரும்பச் செய்யுங்கள்.

போட்டியில் ஃப்ரீஸ்டைல்தான் நீந்த வேண்டுமா? நடுவில் களைத்தால் நிற்கலாமா?
வாசகர், சேலம்

எந்த முறையிலும் நீந்தலாம். களைத்தால் மல்லாந்து மிதக்கலாம், பிரெஸ்ட் ஸ்ட்ரோக்குக்கு (தவளை நீச்சல்) மாறலாம், மிதவையையோ நின்றிருக்கும் படகையோ பிடித்து ஓய்வெடுக்கலாம். அதைப் பிடித்தபடி முன்னேறக் கூடாது. பிரெஸ்ட் ஸ்ட்ரோக்கிலேயே முழுத் தூரத்தையும் கடப்பவர்களும் உண்டு. ஆனால் அந்தக் காலுதை தொடையைக் களைக்க வைக்கும். அந்தத் தொடை பிறகு 20 கிலோமீட்டர் சைக்கிள் மிதிக்க வேண்டும்.

குளத்தில் 1500 மீட்டர் நீந்துகிறேன். கோவாவில் நடக்கும் 70.3 போட்டிக்காக (மூன்று பகுதிகளும் சேர்ந்து 70.3 மைல் கொண்ட நெடுந்தூர ட்ரையத்லான்), மெரினாவிலோ பெசன்ட் நகரிலோ காலையில் தனியாகக் கடலில் இறங்கிப் பழகலாம் என்று நினைக்கிறேன்.
வாசகர், வயது 29, சென்னை

தயவுசெய்து வேண்டாம். இதை எவ்வளவு அழுத்தமாகச் சொல்ல முடியுமோ அவ்வளவு அழுத்தமாகச் சொல்கிறேன். அந்தக் கரைகளில் குளிக்க இறங்கியவர்கள் மாண்டுபோன செய்தி ஆண்டுதோறும் வருகிறது. அவர்களில் நீந்தத் தெரிந்தவர்களும் உண்டு. கரைக்கு வந்த அலைநீர் ஓரிடத்தில் குவிந்து, குறுகிய வழியாகக் கடலுக்குள் திரும்பி ஓடும்போது எந்த நீச்சல்காரரையும் விட வேகமாக ஓடக்கூடும். அதில் அகப்பட்டால் கரையை நோக்கி எதிர்த்து நீந்தக் கூடாது. மிதந்து மூச்சைச் சீராக்கி, கரைக்கு இணையாக நீந்தி அந்தப் பட்டையை விட்டு விலகி, அதன்பின் கரைக்குத் திரும்ப வேண்டும்.

கடலில் பழகுவதானால், மீட்புப் படகோ துடுப்புப் பலகையோ உடன்வரும் பயிற்சிக் குழுவோடு, இடுப்பில் கட்டும் பளிச்சென்ற நிற மிதவையோடு மட்டும் இறங்குங்கள். அந்தக் கரையில் வாழும் மீனவர்களிடம் கேளுங்கள். தெற்கிலிருந்து வடக்கே ஓடும் நீரோட்டத்தைத் தெண்டி என்றும், வடக்கிலிருந்து தெற்கே ஓடுவதை வன்னி என்றும் அவர்கள் பிரித்துச் சொல்வார்கள். இன்று எது, எவ்வளவு இழுக்கிறது என்பதும் அவர்களுக்குத் தெரியும். சொறி (ஜெல்லி மீன்) வந்திருக்கிறது என்று அவர்கள் சொன்னால் அன்று இறங்காதீர்கள். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் நம் கடற்கரையில் பழகும் எண்ணத்தையே விட்டுவிடுங்கள்.

கடலுக்கான திறமையில் பெரும்பகுதியைக் குளத்திலேயே பெறலாம். கடலில் அடியில் கோடு இல்லை, ஆகவே திசை பார்க்கப் பழக வேண்டும்: ஆறு முதல் பத்து வீச்சுக்கு ஒருமுறை, கண் மட்டும் நீருக்கு மேலே வரும்படி முன்னே பார்த்துவிட்டு, அதே அசைவில் தலையைப் பக்கவாட்டில் திருப்பி மூச்செடுங்கள். போட்டியன்று மிதவையை அலை மறைக்கும் என்பதால், அதற்கு நேர்பின்னே கரையில் தெரியும் உயரமான கட்டடத்தையோ மரத்தையோ முன்பே குறித்துவையுங்கள். ஆளில்லாத லேனில் கண்ணை மூடி எட்டு வீச்சு நீந்திப் பாருங்கள்; எந்தப் பக்கம் விலகுகிறீர்கள் என்பது தெரிந்துவிடும். இரு பக்கமும் மூச்செடுக்கப் பழகினால் அந்த விலகல் குறையும். நீங்கள் நீந்த வேண்டியது 1.9 கிலோமீட்டர், கோணலாகப் போனால் அது இரண்டரையாகவும் ஆகலாம்.

வெட்சூட் (குளிர்ந்த நீரில் அணியும் ரப்பர் நீச்சல் உடை) வாங்க வேண்டுமா?
வாசகர், கோவை

நம் ஊர்ப் போட்டிகளுக்கு வேண்டியதில்லை. நம் கடல் நீர் ஆண்டு முழுவதும் 25 டிகிரி செல்சியஸுக்கு மேல்தான் இருக்கிறது. அந்த வெப்பத்தில் அதை அணிந்தால் உடல் கொதித்துவிடும், விதிகளும் அனுமதிப்பதில்லை. அந்தப் பணத்தில் முகத்துக்குச் சரியாகப் பொருந்தும் நீச்சல் கண்ணாடி இரண்டு வாங்குங்கள்.

வயது 52. ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுக்கிறேன், கட்டுப்பாட்டில் இருக்கிறது. கலந்துகொள்ளலாமா?
வாசகர், தஞ்சாவூர்

பலர் கலந்துகொள்கிறார்கள், ஆனால் இதய மருத்துவரைப் பார்த்து, போட்டியின் தன்மையை விளக்கிச் சொல்லி, பரிசோதனை செய்துகொண்ட பின்னரே. அமெரிக்காவில் 1985 முதல் 2016 வரை ட்ரையத்லான்களில் நேர்ந்த மரணங்களையும் இதய நிறுத்தங்களையும் தொகுத்த ஆய்வில் இடம்பெற்ற 135 பேரில் 90 பேருக்கு அது நீச்சலின்போது நேர்ந்தது. பெரும்பாலோர் நடுவயதைத் தொட்ட ஆண்கள். கலந்துகொள்வோரின் எண்ணிக்கையோடு ஒப்பிட்டால் இது அரிது. ஆயினும் தொடக்கத்தில் பதற்றத்தோடு பாய்ந்து நீந்துவது உங்கள் வயதில் தகாது. உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு நீந்தும்போது நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும் வாய்ப்பும் சற்று அதிகம். நீரில் இருக்கும்போது காரணமில்லாமல் இருமல் வந்தாலோ, மூச்சுத் திணறினாலோ, நெஞ்சு அழுத்தினாலோ உடனே கையை உயர்த்தி உதவி கேளுங்கள். இன்னும் நூறு மீட்டர்தானே என்று தொடராதீர்கள்.

கூட்டத்தோடு நீரில் இறங்குவதை நினைத்தாலே கை நடுங்குகிறது. யாராவது காலால் உதைத்துவிட்டால்?
வாசகி, வயது 33, புதுச்சேரி

உதை படும், கை தட்டும்; பெரும்பாலும் யாரும் வேண்டுமென்று செய்வதில்லை. நண்பர்கள் நான்கு பேரை ஒரே லேனில் சேர்த்து, தோளோடு தோள் உரச 50 மீட்டர் நீந்திப் பழகுங்கள். இரண்டு மூன்று முறை இடிபட்டால் உடல் அதை வழக்கமாக எடுத்துக்கொள்ளும். ஒருவரின் பாதத்துக்குச் சற்றுப் பின்னே, அவர் கிளப்பும் குமிழிகளைப் பார்த்தபடி நீந்துவதும் அனுமதிக்கப்பட்டதே. அது உழைப்பைக் கணிசமாகக் குறைக்கும். கண்ணாடி கழன்றால் என்ன செய்வது என்பதையும் பழகுங்கள்: மல்லாந்து மிதந்து, நீரை வடித்து, மறுபடி மாட்டிக்கொண்டு புரளுங்கள். கண்ணாடிப் பட்டையின் மேல் நீச்சல் தொப்பியை அணிந்தால் அது எளிதில் கழலாது.

போட்டியன்று முன்கூட்டியே முகத்தையும் கழுத்தையும் நனைத்து, நீரில் இரண்டு நிமிடம் குமிழி விடுங்கள். தொடங்கும்போது ஓரமாக, பின்வரிசையில் நின்று, மற்றவர்கள் பாய்ந்தபின் பத்து நொடி கழித்து இறங்குங்கள். முதல் 100 மீட்டரை, தேவையென்று நீங்கள் நினைப்பதைவிட மெதுவாக நீந்துங்கள். கடைசி 50 மீட்டரில் காலடியைச் சற்றுக் கூட்டினால் கால்களுக்கு ரத்தம் பாயும். கரையருகே இடுப்பளவு நீர் வந்ததும் எழ முயன்று பலர் தடுமாறி விழுகிறார்கள். கை வீச்சில் விரல்கள் மணலைத் தொடும்வரை நீந்திவிட்டு, அதன்பின் எழுந்து, சைக்கிள் இருக்கும் இடத்துக்கு நடந்தே செல்லுங்கள்.