கூத்தாடிக்குக் கொண்டாட்டம்

கேள்வி: என் தங்கை மகன் அமெரிக்காவில் வேலையில் இருக்கிறான். அங்கே செனட்டுக்கு (நாடாளுமன்ற மேலவைக்கு) நிற்கும் ஒருவருக்காகச் சனி, ஞாயிறுகளில் வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டுகிறானாம். கருத்துக்கணிப்புகளில் அவர் ரொம்பப் பின்னால் இருக்கிறாராம். மாநிலம் முழுக்க ஓட்டு வாங்க வேண்டிய தேர்தலில் இப்படிப்பட்டவர் ஜெயிக்க முடியுமா, இல்லை பையன் நேரத்தை வீணாக்குகிறானா?
— ஒரு வாசகி

பதில்: ஜெயிக்கலாம். ஆனால் அது அவர் கையில் மட்டும் இல்லை என்று பையனிடம் சொல்லி வையுங்கள்.

அங்கே கவர்னருக்கும் (நம்மூர் முதல்வர் மாதிரி, மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பவர்) செனட்டருக்கும் மாநிலம் முழுவதுமே ஒரே தொகுதி. சொந்த ஊரில் நல்ல பெயர் இருந்தால் மட்டும் போதாது, மறு கோடியில் இருப்பவருக்கும் முகம் தெரிய வேண்டும். 1970-இல் ஃபுளோரிடாவில் லாட்டன் சைல்ஸ் அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். மாநிலத்தின் வடமேற்கு மூலையில் கிளம்பி 1,003 மைல் நடந்தே தெற்கே போனார். செனட்டரும் ஆனார். இன்றைக்கு யாராவது நடந்தால், ‘சைல்ஸ் மாதிரி’ என்று சொல்லிவிட்டு அடுத்த செய்திக்குப் போய்விடுவார்கள்!

எனக்குப் பிடித்த கதை 1998, மினசோட்டா. கவர்னர் பதவிக்கு இரண்டு பெரிய கட்சிகளில் ஒரு பக்கம் செயின்ட் பால் நகர மேயர் நார்ம் கோல்மன். இன்னொரு பக்கம் முன்னாள் துணை ஜனாதிபதி ஹம்ஃப்ரியின் மகன். மூன்றாவது ஆள் ஜெஸ்ஸி வென்ச்சுரா. தோளில் இறகுத் துண்டைச் சுற்றிக்கொண்டு மல்யுத்த மேடையில் சவால் விட்டவர். ஒரு புறநகருக்கு மேயராக இருந்திருக்கிறார், அவ்வளவுதான். டெபாசிட் தேறாது என்போமே, அந்த ரகமாகத்தான் பெரியவர்கள் அவரை நினைத்தார்கள். முடிவு வந்தபோது வென்ச்சுரா 37, கோல்மன் 34, ஹம்ஃப்ரி 28 சதவீதம். ஊர் ரெண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்ற பழமொழி நிஜக் கூத்தாடி ஒருவருக்கே பலித்தது.

ஆனால் அதிர்ஷ்டம் மட்டும் அல்ல. தொலைக்காட்சி விவாதங்களில் மற்ற இருவரோடு அவரையும் உட்கார வைத்தார்கள். வாக்குப்பதிவு அன்றே வாக்குச்சாவடியில் பெயரைப் பதிந்து ஓட்டுப் போட அந்த மாநிலம் விடுகிறது; எந்தத் தேர்தலையும் எட்டிப் பார்க்காத இளைஞர்கள் கடைசி நிமிடத்தில் வந்தார்கள். அப்புறம், மற்றவர்களைவிட அதிக ஓட்டு வாங்கினாலே வெற்றி என்ற விதி; அதனால்தான் 37 சதவீதமே போதுமானது. இன்று ஜார்ஜியாவில் இருப்பதுபோல் பாதிக்கு மேல் வாங்கினால்தான் வெற்றி என்றிருந்தால் மறுசுற்று நடந்திருக்கும். அதற்குள் பெரிய கட்சிகள் சுதாரித்திருக்கும்.

பணம்? நாம் நினைக்கிற அளவுக்கு இல்லை. அதே மினசோட்டாவில் 1990-இல் பால் வெல்ஸ்டோன் என்ற கல்லூரிப் பேராசிரியர், பழைய பச்சை பஸ் ஒன்றில் சுற்றியே பதவியில் இருந்த செனட்டரைத் தோற்கடித்தார். எதிராளியின் செலவு பல மடங்கு. ‘என்னிடம் பணம் இல்லை, அதனால் வேகமாகப் பேச வேண்டியிருக்கிறது’ என்கிற மாதிரி ஓடிக்கொண்டே பேசி ஒரு விளம்பரம் செய்தார். மாறாக, 2020-இல் தென் கரோலினாவில் ஜெய்மி ஹாரிசன் 10 கோடி டாலருக்கு மேல் திரட்டியும் சுமார் 10 சதவீத வித்தியாசத்தில் தோற்றார். நன்கொடை நாலா திசையிலிருந்தும் வரும். ஓட்டு அந்த மாநிலத்தில்தான் விழ வேண்டும்.

மாநிலம் வழக்கமாக எதிராளியின் கட்சிக்கே ஓட்டுப் போடுவதாக இருந்தால் எதிராளி தடுக்கி விழுந்தாக வேண்டும். 2017-இல் அலபாமாவில் டக் ஜோன்ஸ் ஜெயித்தது அப்படித்தான். எதிராளி ராய் மூர் மீது பாலியல் குற்றச்சாட்டுகள் கிளம்பின, அவர் மறுத்தார். அப்போதும் வித்தியாசம் 2 சதவீதத்துக்கும் குறைவு. அடுத்த தேர்தலில் எதிரே வேறொருவர் நின்றார். ஜோன்ஸ் சுமார் 20 சதவீதத்தில் தோற்றார்.

நானும் ஒரு நண்பருக்காகக் கதவு தட்டியவன். ‘உங்களுக்குத்தான்’ என்று சொல்லாத வீடே இல்லை. ஓட்டுகளை எண்ணிப் பார்த்தபோது, சிரித்துப் பேசி அனுப்பியவர்களில் பாதிப்பேர்கூட எங்களுக்குப் போட்டிருக்க முடியாது. உங்கள் பையனை, வீட்டுக்காரர் என்ன சொன்னார் என்பதைவிட, விவாத மேடையில் தன் ஆளுக்கு நாற்காலி போட்டார்களா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: ஓட்டுச்சீட்டில் பெயரே இல்லாமல் ஒருவர் செனட்டர் ஆனாராமே?
— இன்னொரு வாசகர்

பதில்: ஆமாம். 2010, அலாஸ்கா, லிசா முர்கவ்ஸ்கி. கட்சிக்குள் நடந்த தேர்தலில் தோற்றார். அப்புறம் வாக்காளர்களே தன் பெயரைச் சீட்டில் எழுதிப் போடட்டும் என்று நின்றார். அந்தப் பெயரை எழுத்துப்பிழை இல்லாமல் எழுதுவது லேசா? பெயர் அச்சடித்த கைப்பட்டைகளை ஊரெல்லாம் கொடுத்தார்கள். அதற்கு முன் 1954-இல் தென் கரோலினாவில் ஸ்ட்ராம் தர்மண்ட் இப்படி ஜெயித்திருந்தார். ஆனால் முர்கவ்ஸ்கியை எளியவர் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவரை 2002-இல் முதன்முதலில் செனட்டராக நியமித்ததே கவர்னராக இருந்த அவருடைய அப்பாதான்.

கேள்வி (முதல் வாசகியே மறுபடியும்): பையன் கொஞ்சம் பணமும் கொடுக்கலாம் என்கிறான். சரியா?

பதில்: வேலை விசாவில் இருந்தால் கூடாது, அது சட்டவிரோதம். கிரீன் கார்டு வந்த பிறகு கொடுக்கலாம். சம்பளம் வாங்காமல் கதவு தட்டுவதற்கு இப்போதும் தடையில்லை.